அழவைப்பதற்காக அல்ல: தங்கவயல் குரல்களோடு ஒரு தமிழ்ப் பாட்காஸ்ட்

பாட்காஸ்ட் தொடங்க விரும்பும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த மைக் வாங்கலாம் என்பது. அடுத்துக் கேட்பது, கேட்பவர்களை எப்படி உருக வைப்பது என்பது. முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் உண்டு. எதிரொலிக்கும் அறையில் உட்கார்ந்து பேசுவதானால் சுற்றுப்புற ஒலியை அதிகம் வாங்காத டைனமிக் மைக், வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்வதானால் சட்டையில் குத்திக்கொள்ளும் சிறிய மைக் இரண்டு. இரண்டாவது கேள்வியின் அடிப்படையே எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஒருவர் தன் வேலையையும் தன் இடத்தையும் தன் மனிதர்களையும் துல்லியமாகச் சொல்வதற்கு நாம் பொறுமையாக இடம் கொடுத்தால், கேட்பவர் மனத்தில் எந்த உணர்வு எழ வேண்டுமோ அது தானாக எழும். அது பெரும்பாலும் அழுகையாக இருப்பதில்லை. இந்த ஒன்றை விளக்கமாகச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

நானும் என் தோழியும் பெங்களூரில் செய்துவரும் பாட்காஸ்ட், கர்நாடகத்தின் கோலார் தங்கவயலிலிருந்து இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களைப் பற்றியது. 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற இங்கிலாந்து நிறுவனம் அங்கே பெரிய அளவில் சுரங்கம் தோண்டத் தொடங்கியது. வடஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து போன தமிழர்களே, அவர்களிலும் பெரும்பாலும் தலித் மக்களே, தலைமுறை தலைமுறையாகப் பூமிக்கடியில் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போனது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக அது இருந்தது. 1956-இல் மைசூர் அரசும் 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28 அன்று அது மூடப்பட்டது. அதன்பின் அந்த ஊரின் உழைப்பு விடியற்காலை ரயிலில் ஏறிப் பெங்களூருக்கு வருகிறது. மரிக்குப்பத்தில் புறப்படும் வண்டி, சாம்பியன், உரிகம், பங்காருபேட்டை, மாலூர், ஒயிட்ஃபீல்டு என்று நின்று நின்று வந்து கன்டோன்மென்டில் அவர்களை இறக்கிவிடுகிறது. கட்டடக் காவல், துணிக்கடை, ஐ.டி. அலுவலகம், மருத்துவமனை என எல்லா இடத்திலும் அவர்கள் இருக்கிறார்கள்.

இவர்களைப் பற்றிய செய்திக் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. அவற்றில் பெரும்பாலானவை சொல்வது ஒரே கதைதான்: தங்கம் இருந்தது, தங்கம் போனது, மக்கள் கைவிடப்பட்டார்கள். இது உண்மையே. ஆயினும் அந்தக் கதையில் ஒரு மனிதரின் குரலுக்கும் இன்னொருவரின் குரலுக்கும் வேறுபாடு தெரியாது. எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த வேறுபாடு.

வேறுபாடு எங்கே தொடங்குகிறது என்றால், நாம் கேட்கும் கேள்வியில். சுரங்கம் மூடப்பட்ட அன்று உங்கள் மனநிலை எப்படி இருந்தது என்று ஒரு முன்னாள் தொழிலாளியிடம் கேட்டால், அவர் பலமுறை பலரிடம் சொல்லிப் பழகிய பதிலைத்தான் சொல்வார். அந்தப் பதிலில் குற்றமில்லை; அது தேய்ந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். ரொம்பக் கஷ்டமா இருந்துச்சும்மா, என்ன பண்றது, என்பதோடு பேச்சு நின்றுவிடும். அதே மனிதரிடம், ஷிஃப்டுக்குப் போகும்போது கையில் என்னென்ன எடுத்துப் போவீர்கள், கேஜில், அதாவது சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டில், எத்தனை பேர் நிற்பீர்கள், இறங்கும்போது காது எப்படி அடைக்கும், முதல் முறை இறங்கியபோது பக்கத்தில் நின்றவர் யார் என்று கேளுங்கள். உடம்பு நிமிரும். கை பேசத் தொடங்கும். நாங்கள் சந்தித்த ஒரு பெரியவர், மரத்தை வெட்டி முட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தவர்; பாறை கனம் தாங்காமல் மரம் முனகும் சத்தத்தை வைத்து எவ்வளவு நேரத்துக்குள் வெளியேற வேண்டும் என்று கணிப்பதை எங்களுக்கு வாயாலேயே ஒலித்துக் காட்டினார். மூன்று விதமான முனகல்கள். மூன்றாவது கேட்டால் கருவியை எடுக்கக்கூட நிற்கக் கூடாதாம். அந்தச் சுரங்கங்களில் ஆழத்தில் அழுந்தியிருக்கும் பாறை திடீரென்று வெடித்துச் சிதறுவது தொடர்ந்து நடந்த விபத்து. அதைப் பற்றிய ஆய்வுகள் பல உண்டு. அந்தப் பெரியவர் அச்சத்தைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அந்தப் பகுதியைக் கேட்ட எவருக்கும் அச்சம் எதுவென்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே, உணர்வைப் பற்றிக் கேட்காமல் வேலையைப் பற்றிக் கேட்பது எங்கள் முறை. கைக்குத் தெரிந்தவை மறப்பதில்லை. பழகிய பதில்களும் அங்கே இருப்பதில்லை.

கேட்டபிறகு பேசாமல் இருப்பது அடுத்த திறமை. மனித உரையாடலில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குவதற்கு இடையே விழும் இடைவெளி, சராசரியாக 200 மில்லி விநாடி அளவில்தான் இருக்கிறது என்று 2009-இல் வெளியான, பத்து மொழிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு காட்டியது. அத்தனை வேகமாக மாறிமாறிப் பேசும் இயல்பு கொண்ட நமக்கு, நான்கு விநாடி அமைதி என்பது தாங்க முடியாததாகத் தோன்றுகிறது. அதை நிரப்ப உடனே அடுத்த கேள்வியை எடுத்துவிடுகிறோம். ஆனால் வயதானவர்கள் ஒரு பதிலை முடித்து, நிறுத்தி, மூச்சு விட்டு, பிறகு சொல்வதே அந்தப் பதிலின் சாரமாக இருப்பதை நான் மீண்டும் மீண்டும் பார்க்கிறேன். பதிவின்போது நானும் தோழியும் ஒருவர் கேட்க மற்றவர் குறிப்பெடுக்க அமர்வதற்கு இதுவே காரணம். குறிப்பெடுப்பவர் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தால், பேசுபவர் அந்த அமைதியைத் தம்மேல் விழுந்த அழுத்தமாக எடுத்துக்கொள்வதில்லை.

உணர்வு என்றாலே கண்ணீர் என்று சுருக்கிக்கொண்ட ஒரு காலத்தில் நாம் ஒலி ஊடகம் செய்கிறோம் என்பது எனக்கு உண்மையான வருத்தம் தரும் விஷயம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு உணர்வுகளை வகுக்கிறது: நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி). அதோடு நில்லாமல், ஒவ்வொன்றும் எந்த நான்கு காரணங்களிலிருந்து பிறக்கிறது என்றும் சொல்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பெருமிதத்துக்குக் கல்வி, தறுகண் (அஞ்சாமை), இசைமை (புகழ்), கொடை. ஒரு பாட்காஸ்ட் செய்பவருக்கு இதைவிடப் பயனுள்ள கையேட்டை நான் அறியேன். உணர்வைப் பெயர் சொல்லி அழைத்தால் அது வராது, அது பிறக்கும் நிலைக்களத்தைக் காட்டினால் வரும் என்பதே அந்த இயலை நான் புரிந்துகொண்ட விதம். தங்கவயலைப் பற்றிப் பேசியவர்கள் அழுகையின் நான்கு காரணங்களையும் நன்றாகக் காட்டிவிட்டார்கள். முன்னிருந்த நிலை கெட்டு வருந்துவதாக உரைகாரர்கள் விளக்கும் அசைவு அந்த ஊருக்கே எழுதியதுபோல் இருக்கிறது. பெருமிதத்தின் நான்கையும் காட்டியவர்கள் குறைவு.

அந்த மக்களோ அதைத்தான் முதலில் சொல்ல விரும்புகிறார்கள். காவிரியில் சிவனசமுத்திரத்தில் நீர்மின்சாரம் எடுத்து 1902-இல் கம்பி இழுத்துக் கொண்டுபோனது தங்கவயலுக்கு. பெங்களூர் நகரத்துக்குத் தெருவிளக்கு மின்சாரம் வந்தது 1905-இல். எங்க ஊருக்கு அப்புறம்தான் கண்ணு உங்க ஊருக்குக் கரண்ட் என்று ஒரு பாட்டி சொன்னபோது அவர் முகத்தில் இருந்ததை ஒலியால் காட்ட முடியாது என்றே நினைத்தேன். ஆனால் அந்த வாக்கியத்தின் முடிவில் அவர் குரல் ஒரு படி ஏறி நின்றது. அது பதிவில் தெளிவாகக் கேட்கிறது. அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் எங்களுக்கு அதிகமானவர்கள் எழுதினார்கள். இந்திராநகரிலும் மாரத்தஹள்ளியிலும் வாடகைக்குக் குடியிருந்துகொண்டு, தங்கவயல் என்று சொன்னால் பிறர் பரிதாபப்படுவார்களோ என்று ஊர்ப்பெயரைத் தவிர்த்துவந்த இளைஞர்கள் அவர்கள்.

குரல் ஏன் இவ்வளவு நெருங்குகிறது என்பதற்கு உடலியல் காரணமும் உண்டு. இயர்போனில் இரண்டு காதுக்கும் ஒரே ஒலி ஒரே நேரத்தில் போகும்போது, மூளை அந்த ஒலிக்கு வெளியே ஓர் இடம் கொடுக்க முடியாமல் தலைக்குள்ளேயே வைத்துவிடுகிறது. மைக்குக்கு அருகில் பேசினால் குரலின் கீழ் ஒலிகள் தடித்து, பக்கத்தில் அமர்ந்து பேசுபவரின் குரல் போலாகிறது. பர்ப்பிள் லைன் மெட்ரோவில் நெரிசலில் நிற்பவருக்கும், வெளிவட்டச் சாலையில் அலுவலகப் பேருந்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கும், அந்தக் குரல் சுற்றியிருக்கும் எவரையும்விட அருகில் இருக்கிறது. ஊடகத்தில் தோன்றுபவரை நேயர் தம் நண்பராகவே உணரும் இந்த ஒருதலை உறவைப் பற்றி டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்டு வோல் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 1956-லேயே எழுதினார்கள். அன்று அவர்கள் கண்முன் இருந்தவை வானொலியும் தொலைக்காட்சியும் திரைப்படமும். இயர்போன் அந்த உறவை இன்னும் நெருக்கமாக்கியிருக்கிறது.

இந்த நெருக்கம் நாம் உழைத்துச் சம்பாதித்தது அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். கருவியே அதைத் தந்துவிடுகிறது. ஆதலால் தொகுப்பாளர் தம் குரலைத் தாழ்த்திக் குழைத்து மேலும் நெருக்கம் காட்டுவது, எனக்குத் தவறான செயலாகவே படுகிறது. நாங்கள் எழுதும் இணைப்புரைகள் குறைவானவை. யார், எங்கே, எப்போது என்பதைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்வோம். நேயர்களே என்று பன்மையில் அழைப்பதைத் தவிர்க்கிறோம். கேட்பவர் எப்போதும் ஒருவராகத்தான் கேட்கிறார். எழுதும்போது குறிப்பிட்ட ஒருவரை மனத்தில் நிறுத்திக்கொள்வது உதவுகிறது. எனக்கு அது தங்கவயலில் பிறந்து பெங்களூரில் செவிலியராக இருக்கும் என் அத்தை. அவருக்குத் தெரிந்ததை விளக்க மாட்டேன், அவர் முகம் சுளிக்கும் மிகையைச் சொல்ல மாட்டேன்.

தொகுப்பு வேலையில் நிறைய நேரம் போகிறது. அங்கேதான் நல்ல பதிவுகள் கெட்டும் போகின்றன. அமைதியைத் தானாக வெட்டும் வசதி இப்போது பல மென்பொருள்களில் இருக்கிறது. அதை ஒரு முறை ஓட்டினால் ஒரு மணி நேரப் பேச்சு கணிசமாகச் சுருங்கும். கூடவே பேசியவரின் வயதும் தயக்கமும் மூச்சும் போய்விடும். நாங்கள் கையால் வெட்டுகிறோம். திரும்பச் சொன்னதை எடுப்போம், வழி தவறிப்போன கிளைக்கதையை எடுப்போம், பதிலுக்கு முந்திய அமைதியைத் தொடமாட்டோம். ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு தொடங்குமுன் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையின் ஒலியை மட்டும் பதிவு செய்துகொள்கிறோம். வெட்டிய இடங்களில் அந்த ஒலியை வைத்து ஒட்டினால் தையல் தெரியாது. இரைச்சல் நீக்கியை மிகுதியாகப் பயன்படுத்தினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கரகரக்கும். பேசாத இடங்கள் செத்துப்போன வெறுமையாகும். குக்கர் விசில், கோயில் ஒலிபெருக்கி, லைன் வீடுகள் எனப்படும் தொழிலாளர் குடியிருப்புச் சந்தில் ஓடும் பிள்ளைகள் ஆகிய ஒலிகள் பேச்சை மூழ்கடிக்காதவரை அப்படியே இருக்கலாம். வீடு எங்கே இருக்கிறது என்பதை நாங்கள் ஒரு பத்தி எழுதிச் சொல்ல வேண்டியதை அவை சொல்லிவிடுகின்றன. மின்விசிறியை மட்டும் நிறுத்திவிட வேண்டும். அதன் சீரான இரைச்சல் எதையும் சொல்வதில்லை.

பின்னணி இசையைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: பேசுபவரின் குரலுக்கு அடியில் இசை வேண்டாம். வயலின் ஒலிக்கத் தொடங்கும்போதே, இங்கே நீ வருந்த வேண்டும் என்று கேட்பவருக்குக் கட்டளை போய்விடுகிறது. அவர் வருந்துவதற்குப் பதிலாக வியந்திருக்கக்கூடும், சிரித்திருக்கக்கூடும், கோபப்பட்டிருக்கக்கூடும். பகுதிக்கும் பகுதிக்கும் இடையே சில விநாடி இசை போதும். மொழியையும் நாங்கள் திருத்துவதில்லை. தங்கவயல் தமிழில் கன்னடமும் தெலுங்கும் உருதும், வெள்ளைக்காரச் சுரங்க மேலாளர்கள் விட்டுச்சென்ற ஆங்கிலச் சொற்களும் கலந்து ஓடும். அது புரியாமல் போய்விடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். மதுரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கேட்பவர்கள் இரண்டாவது நிமிடத்தில் அந்த ஓசைக்குப் பழகிவிடுகிறார்கள் என்பதே என் அனுபவம்.

நினைவு தவறுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதியவர்கள் ஆண்டுகளை மாற்றிச் சொல்வார்கள். ஒரு விபத்தில் இறந்தவரை இன்னொரு விபத்தில் வைத்துச் சொல்வார்கள். இத்தாலியின் வாய்மொழி வரலாற்று அறிஞர் அலெஸாண்ட்ரோ போர்ட்டெல்லி, டெர்னி என்ற எஃகு நகரத்தில் இதைப் பற்றி ஆராய்ந்தார். 1949-இல் நேட்டோ எதிர்ப்பு ஊர்வலத்தில் காவல்துறையால் கொல்லப்பட்ட லூயிஜி ட்ராஸ்டுல்லி என்ற தொழிலாளியின் சாவை, அந்த ஊர் மக்கள் பலர் 1953-இல் நடந்த ஆட்குறைப்புப் போராட்டத்தோடு சேர்த்து நினைவு வைத்திருந்தார்கள். அந்தத் தவறு அவர்கள் மனத்தில் எது பெரிய காயமாக இருந்தது என்பதைக் காட்டுகிறது என்று அவர் விளக்கினார். நாங்கள் பின்பற்றுவதும் அதையே. சொன்னதை மாற்றாமல் ஒலிபரப்புகிறோம். ஆவணங்களில் உள்ள ஆண்டை இணைப்புரையில் மரியாதையோடு சேர்த்துச் சொல்கிறோம். பேசியவரைப் பிழை செய்தவராக நிறுத்துவதும் தவறு, கேட்பவருக்குத் தவறான ஆண்டைக் கொடுத்தனுப்புவதும் தவறு.

ஒப்புதல் என்பது இந்த வேலையின் மிகக் கனமான பகுதி. பெங்களூர்த் தமிழர்களிடம் பேசினால் எப்படியும் 1991 டிசம்பர் வந்து நிற்கும். தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடச் சொன்ன காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதையடுத்து இந்த நகரத்தில் தமிழர்களுக்கு எதிராக நடந்த வன்முறையைப் பற்றி, மைக் அணைந்த பிறகே பலர் பேசத் தொடங்குகிறார்கள். அல்சூர் ஏரிக்கரையில் மூடிவைக்கப்பட்டிருந்த திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் கழித்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டபோது, இனி பேசலாம் என்று தோன்றியதாக ஒரு கடைக்காரர் எங்களிடம் சொன்னார். பேசினார். அன்று அவர் குடும்பத்தை இரவு முழுக்கத் தம் வீட்டில் வைத்துக் காத்தவர் எதிர்வீட்டுக் கன்னட அம்மாள் என்பதையும் சொன்னார். மறுநாள் காலையில் தொலைபேசியில் அழைத்து, அது வெளியே போக வேண்டாம், பிள்ளைகள் இங்கேதான் வாழ வேண்டும் என்றார். அவரும் அந்த அம்மாளும் யாரென்று தெரியாத அளவுக்கு மட்டும் இங்கே எழுத அவரிடம் பின்னர் அனுமதி பெற்றேன். ஒலிப்பதிவு எங்களிடமும் இல்லை. அவர் முன்னிலையிலேயே அழித்தோம். தொகுத்து முடித்த பகுதியை வெளியிடுமுன் பேசியவரிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுவதும், அவர் எடுக்கச் சொன்னதை எந்த வாதமும் செய்யாமல் எடுப்பதும் எங்களுக்கு விதி. அருமையான பகுதிகள் போய்விடுகின்றன என்று தோழி வருந்துவதுண்டு. அந்த விதி இருப்பதால்தான் அடுத்த வீட்டில் கதவு திறக்கிறது என்பதை அவளே முதலில் சொன்னவளும் ஆவாள்.

பரப்புவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதிய பகுதிகளைச் செயலிகளுக்குத் தானாக அறிவிக்கும் ஆர்.எஸ்.எஸ். என்ற இணைய ஓடை வழியாக எல்லாச் செயலிகளுக்கும் பகுதி போய்விடும். அதில் கற்க வேண்டியது அதிகமில்லை. ஆனால் எங்களோடு பேசியவர்களில் பலரிடம் பாட்காஸ்ட் செயலி கிடையாது. அவர்களுக்கு ஒற்றைத் தட ஒலியாக, 64 கே.பி.பி.எஸ். அளவில் ஒரு எம்.பி.3 கோப்பு தயாரித்து வாட்ஸாப்பில் அனுப்புகிறோம். அரை மணி நேரப் பேச்சு 15 எம்.பி.க்குள் அடங்கிவிடும், குரலுக்கு அந்தத் தரம் போதும். அது குடும்பக் குழுக்களில் சுற்றி, எங்கள் எண்ணிக்கைப் பட்டியலில் ஒருபோதும் பதிவாகாமல், எங்களுக்குத் தெரியாத ஊர்களுக்குப் போகிறது. தங்கவயலுக்குப் பக்கத்தில் பூதிக்கோட்டை என்ற ஊரில், 2000-களின் தொடக்கத்தில், தொண்டு நிறுவனங்களுக்கு வானொலி உரிமம் கிடைக்காத காலத்தில், நம்ம த்வனி என்ற பெயரில் ஊர் மக்களே நிகழ்ச்சி செய்து, கேபிள் கம்பி வழியாக வீடுகளுக்கு அனுப்பினார்கள். வழி எதுவாக இருந்தாலும் சொன்னவரின் தெருவுக்கு அது முதலில் போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அவர்களிடமிருந்து வந்தது.

கேட்டவர்கள் அனுப்பும் குரல் செய்திகளுக்கு நாங்கள் இருவரும் பிரித்துக்கொண்டு பதில் அனுப்புகிறோம். ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் ஒரு பெண், சாம்பியன் ரீஃப் லைனில் வளர்ந்தவர், அண்மையில் அனுப்பிய செய்தி எங்கள் அடுத்த தொடரின் போக்கை மாற்றியிருக்கிறது. கேஜில் இறங்கியவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள், மேலே இருந்தவர்களிடம் ஏன் கேட்கவில்லை என்று அவர் கேட்டிருந்தார். அதற்காகக் கேள்விப்பட்டியல் எழுதிவருகிறோம். ஷிஃப்ட் மாறும் வாரத்தில் அடுப்பு எத்தனை மணிக்குப் பற்றவைத்தீர்கள். தண்ணீர் எங்கிருந்து வந்தது. சுரங்கச் சங்கு வேளையில்லாமல் ஊதினால் முதலில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினீர்கள். சம்பள நாளில் கடைக்காரரிடம் கணக்கு முடிக்கப் போனது யார். சுரங்க உடுப்பைத் துவைத்தால் தண்ணீர் என்ன நிறத்தில் ஓடும். பட்டியலை அந்தப் பெண்ணுக்கே அனுப்பினோம். கடைசிக் கேள்வியை முதலில் வைக்கச் சொல்லியிருக்கிறார். முதல் பதிவு அவருடைய அம்மாவோடு, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், தெருவில் தண்ணீர் லாரி வராத நேரமாகப் பார்த்து.